பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்!

குட்டீஸ், முழு ஆண்டுத் தேர்வு முடிந்து அமுச்சி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவினாசி பக்கமோ, கோபி பக்கமோ, பொள்ளாச்சி பக்கமோ ஏதோ ஓர் ஊர். ஓடு வேய்ந்த பழைய தொட்டிக்கட்டு வீடு. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அட்டாலியில் பல வருஷமாகக் கிடந்த சாமான்களை எல்லாம் கீழே இறக்கி வாசலில் போடுகிறார்கள்.

கால் உடைந்த நாற்காலி, ஓட்டை அண்டா, துருப்பிடித்த அரிக்கேன் விளக்கு... இவற்றுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டி. பார்த்தால் சூட்கேஸ் மாதிரி இருக்கிறது. கைப்பிடியும் இருக்கிறது. மேலே ஒட்டிய ரெக்ஸின் கிழிந்து தொங்குகிறது. தூக்கிப் பார்த்தால் செங்கல் அடுக்கி வைத்தது போலக் கனம்!

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சத்தம். "பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக் இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா..." முன்பெல்லாம் பழைய இரும்பைப் போட்டால் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். இப்போது தராசில் நிறுத்துக் காசு கொடுக்கிறார்கள். எதுவாக இருந்தாலும், ஐந்து நிமிடத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி வண்டி ஏறிவிடும்.

நில்லுங்கள்! அதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சையோ நீலமோ துணி ஒட்டிய ஒரு வட்டத் தட்டு, வளைந்த ஓர் உலோகக் கை, அதன் நுனியில் உருண்டையான ஒரு டப்பா, மூலையில் செருகி வைத்த ஒரு கைப்பிடிக் கம்பி... இவை இருந்தால் அது சூட்கேஸ் இல்லை. சாவி கொடுத்தால் பாடும் கிராமபோன்! கொள்ளுத் தாத்தா காலத்துப் பாட்டுப் பெட்டி.

"கிராமபோன் என்றால் பெரிய பித்தளைக் குழாய் இருக்குமே, இதில் இல்லையே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இது எடுத்துச் செல்லும் வகை. குழாயைப் பெட்டிக்குள்ளேயே மடக்கி மறைத்து வைத்திருக்கிறார்கள். 1931ல் எச்.எம்.வி. கம்பெனி வெளியிட்ட '102' என்ற மாடல் இப்படிப்பட்டதுதான். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது விற்பனையில் இருந்தது. குழாய் வெளியே தெரியாததால், "இது என்னவோ உடைந்த பெட்டி" என்று நினைத்து எத்தனையோ பேர் இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள்.

கரண்ட் இல்லாத பாட்டு

இந்தப் பெட்டியில் பேட்டரி கிடையாது. ஒயர் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. பிறகு எப்படிப் பாடுகிறது?

முதலில் ஒரு விடுகதை. ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும்? நூறா, இருநூறா? விடை: ஒன்றே ஒன்று! கொசுவர்த்திச் சுருள் போல வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வரும் ஒரே நீளமான பள்ளம் அது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஏறக்குறைய நான்கு சுற்றுகள் அடங்கிவிடும்.

பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் பாடும். அப்படியானால் மொத்தம் 234 சுற்று. அந்தப் பள்ளத்தைப் பிரித்து நேராக நீட்டினால் நூறு மீட்டருக்கு மேல் வரும். நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத் தடத்தை விட நீளம்!

அந்தப் பள்ளம் நேராக இல்லை. ஆற்றைப் போல இடமும் வலமுமாக மிக மிக நுணுக்கமாக வளைந்து போகிறது. அந்த வளைவுகள்தான் பாடியவரின் குரல். பள்ளத்தில் ஓடும் எஃகு ஊசி வளைவுக்கு ஏற்ப அதிர்கிறது. அந்த அதிர்வு, 'சவுண்டு பாக்ஸ்' எனப்படும் உருண்டை டப்பாவுக்குள் இருக்கும் மெல்லிய தகட்டுக்குப் போகிறது. தகடு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அந்தச் சிறிய ஒலி, உலோகக் கையின் வழியே குழாய்க்குள் போய், விரிந்த வாய் வழியாகப் பெரிதாகக் கேட்கிறது. கோயில் கொம்பு வாத்தியத்தின் வாய் ஏன் விரிந்திருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

சீப்பு ஒன்று போதும்

நம்பிக்கை இல்லையா? இப்போதே சோதித்துப் பாருங்கள். ஒரு சீப்பு, ஒரு பழைய விசிட்டிங் கார்டு, ஒரு காகிதக் குவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டின் ஓரத்தைச் சீப்பின் பற்கள் மீது மெதுவாக இழுங்கள். 'கர்ர்ர்' என்று தடித்த ஒலி வரும். வேகமாக இழுங்கள். 'கீச்' என்று மெல்லிய ஒலி வரும். வேகம் மாறினால் குரல் மாறிவிடுகிறது, பார்த்தீர்களா? இதை நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்து, காகிதக் குவளையின் அடிப்பாகத்தில் சிறு கீறல் போட்டு, கார்டின் மறு ஓரத்தை அதில் செருகுங்கள். இப்போது மறுபடி சீப்பின் மீது இழுங்கள். ஒலி பல மடங்கு கூடும். சீப்புதான் இசைத்தட்டு. கார்டுதான் ஊசி. குவளைதான் தகடும் குழாயும். உங்கள் கையில் இருப்பது ஒரு குட்டி கிராமபோன்!

பட்டறையில் பிறந்த பாட்டு

ஒலியை முதன்முதலில் பதிவு செய்து திரும்பக் கேட்டவர் தாமஸ் ஆல்வா எடிசன். ஆண்டு 1877. அவருடைய கருவியின் பெயர் போனோகிராப். அதில் தட்டு கிடையாது, உருளைதான். உருளை மீது சுற்றிய ஈயத்தாளில் ஒலி பதிவானது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1887ல், எமில் பெர்லினர் என்பவர் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குத்தான் கிராமபோன் என்று பெயர். உருளையை விடத் தட்டு வசதி. ஓர் அச்சு செய்துவிட்டால், இட்லி வார்ப்பது போல ஆயிரக்கணக்கில் வார்த்து எடுத்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கருவியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை வலித்து வேகம் குறைந்தால் பாடகி குரல் பாடகர் குரலாகிவிடும்! (சீப்பு நினைவிருக்கிறதா?) இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஒரு பட்டறைக்காரர். அமெரிக்காவில் கேம்டன் என்ற ஊரில் சிறிய மெஷின் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன். 1896ல் ஸ்பிரிங்கால் ஓடும் நல்ல மோட்டாரை அவர் உருவாக்கினார். நம்ம கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கும் லேத் பட்டறைக்காரர்களைப் போன்ற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கிராமபோன் பெட்டியில் குழாய் முன் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் வரைந்த படம் அது. முதலில் எடிசனின் உருளைக் கருவியைத்தான் வரைந்திருந்தார். கிராமபோன் கம்பெனி படத்தை வாங்க முன்வந்ததும், 1899ல் அதன் மீதே கிராமபோனை வரைந்து கொடுத்தார். 'தன் எஜமானின் குரல்' என்பது படத்தின் பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எச்.எம்.வி.

இந்தியாவுக்குக் கருவியோடு பதிவு செய்ய வந்தவர் பிரெடெரிக் கெய்ஸ்பெர்க். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். ஏன் தெரியுமா? தட்டுகளை அச்சடிக்க ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! பிறகு 1908ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது.

இதில் நமக்குப் பெருமையான ஒரு செய்தி உண்டு. அந்தக் கறுப்புத் தட்டு பிளாஸ்டிக் இல்லை. அரக்கு! மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அதன் முக்கியப் பொருள். அதோடு கல் மாவும் கரித்தூளும் சேர்ப்பார்கள். உலகத்துக்கே அந்த அரக்கை அதிகமாக அனுப்பியது இந்தியாதான். ஆங்கிலப் பாட்டோ, ஜெர்மன் பாட்டோ, பெரும்பாலும் நம் நாட்டுப் பூச்சியின் அரக்கில்தான் பதிந்தது!

கொடுமுடியிலிருந்து ஒரு குரல்

1930களில் நீலகிரியின் பைக்காரா மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வரத் தொடங்கியது. ஆனால் கிராமங்கள் பலவற்றுக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் வாழ்ந்த அந்த ஊர்களில், கரண்ட் தேவைப்படாத கிராமபோன் எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும்! பணக்காரர் ஒருவர் வீட்டில் பெட்டி இருந்தால், தெருவே திண்ணையில் கூடிவிடும்.

அந்தத் தட்டுகளில் ஒலித்த குரல்களில் ஒன்று நம்ம ஊர்க்காரருடையது. காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908ல் பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஏழைக் குடும்பம். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடியவர், நாடக மேடைக்குப் போனார். மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அப்படிப் பாடினார். அவருடைய பாட்டும், அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டும் இசைத்தட்டுகளாகி ஊர் ஊராகப் பரவின. கொடுமுடி கோகிலம் என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். கிட்டப்பா 1933லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் குரல் இன்றும் இருக்கிறது. காரணம், அந்த அரக்குத் தட்டுகள்தான்.

கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று பெரிய படப்பிடிப்புத் தளங்கள் இருந்தன. 1943ல் வெளிவந்த சிவகவியும், எம்.ஜி.ஆர். நடித்து 1954ல் வெளிவந்த மலைக்கள்ளனும் கோவையில் உருவான படங்கள். அந்தக் காலத்துப் படப் பாட்டுகளை நினைத்த நேரத்தில் வீட்டில் கேட்க வழி, இந்த 78 சுற்றுத் தட்டுகளை வாங்குவதுதான்.

மற்ற நாடுகள் வேறு வகைத் தட்டுகளுக்கு மாறிய பிறகும், கரண்ட் இல்லாத ஊர்களுக்காக இந்தியாவில் இந்தத் தட்டுகளை விடாமல் தயாரித்தார்கள். உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட 1960களில் இங்கே அரக்குத் தட்டில் வெளிவந்தன. இன்று அவற்றை வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்!

கழற்றிப் பார்த்த இளைஞர்

சரி, இப்போது அமுச்சி வீட்டு வாசலுக்கு வருவோம். பெட்டி கிடைத்துவிட்டது. ஓடுமா? ஓடாது. அறுபது வருஷ அழுக்கு உள்ளே இருக்கிறது. என்ன செய்வது?

கோவைக்காரர்களுக்கு இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார். கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு. இளம் வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்துபோனார். அதை வாங்க வேண்டும் என்பதற்காகக் கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. முழுவதும் கழற்றினார்! ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்துப் பார்த்து, மறுபடி பூட்டினார். அப்படிக் கற்றவர்தான் பின்னாளில் பெரிய விஞ்ஞானி ஆனார்.

கழற்றுவது யாருக்கும் எளிது. திரும்பப் பூட்டுவதில்தான் திறமை இருக்கிறது. அதற்கு நீங்கள் மூன்று விஷயங்கள் செய்ய வேண்டும்.

ஒன்று, ஒரு திருகாணியைக் கழற்றும் முன்பே அப்பாவின் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு படியிலும் எடுங்கள்.

இரண்டு, கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு எண் எழுதுங்கள். பழைய திருகாணி தொலைந்தால் அதே அளவில் புதிது கிடைப்பது கடினம்.

மூன்று, நோட்டில் படம் வரைந்து பெயர் எழுதுங்கள். எதை எந்தத் தேதியில் செய்தோம் என்றும் குறியுங்கள்.

இந்த மூன்று வேலைக்கும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான் சரி. பெரியவர்களுக்குப் பொறுமை இருக்காது!

ஜாக்கிரதை! உள்ளே ஒரு பாம்பு!

பெட்டிக்கு உள்ளே, ஒரு வட்ட உலோக டப்பாவில், பல அடி நீளமுள்ள எஃகுப் பட்டை சுருட்டி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. பிறகு மெல்ல விரிந்து தட்டைச் சுற்றுகிறது. தெரியாமல் அந்த டப்பாவைத் திறந்தால், சீறிக்கொண்டு வெளியே பாயும். கையைக் கிழித்துவிடும்; கண்ணையும் பறித்துவிடும்.

ஆகவே குட்டீஸ், இந்த வேலை உங்களுக்கு இல்லை. அப்பாவுக்கும் இல்லை! பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவர், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டியது. நீங்கள் எட்ட நின்று பார்க்கலாம்.

ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். சாவிக் கம்பியைப் பொருத்தி, பெரியவர் ஒருவரை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற இறுக்கம் கூடினால், ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. எத்தனை சுற்றினாலும் இறுக்கமே இல்லை என்றால், அது அறுந்திருக்கும். ஓடும்போது 'டப்... டப்...' என்று உள்ளே இடித்தால், பழைய கிரீஸ் கெட்டியாகிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெக்கானிக் அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் தடவுவார்.

ராட்டினம் தெரியுமா?

ஸ்பிரிங் புதிதாக இறுகியிருக்கும்போது பலமாக இழுக்கும். தளரத் தளரப் பலம் குறையும். ஆனால் பாட்டின் வேகம் மாறக் கூடாதே! அதைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்தான் கவர்னர்.

மாரியம்மன் நோன்பிக்கு வரும் ராட்டினத்தில் சங்கிலியில் தொங்கும் நாற்காலிகளைப் பார்த்திருக்கிறீர்கள். ராட்டினம் வேகமாகச் சுற்றினால் நாற்காலிகள் வெளிப்பக்கம் விரிந்து பறக்கும், இல்லையா? கவர்னரும் அப்படித்தான். ஓர் அச்சைச் சுற்றி மூன்று குட்டிக் குண்டுகள், மெல்லிய பட்டை ஸ்பிரிங்குகளில் பொருத்தப்பட்டிருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும். அப்போது அவை ஒரு வட்டத் தகட்டை இழுத்து, ஒரு தோல் துண்டின் மீது உரச வைக்கும். உடனே வேகம் குறையும். குறைந்ததும் குண்டுகள் உள்ளே வந்துவிடும். மூளையே இல்லாமல் யோசிக்கும் இயந்திரம்!

இங்கே அழுக்கை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். அந்தப் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் வளைத்துவிடக் கூடாது. ஒன்று வளைந்தாலும் பாட்டு தள்ளாடும்.

பிறகு உங்களுக்கு ஒரு வேலை. தட்டின் அடியில் ஒரு சிறு காகிதத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். பாட்டு ஓடும்போது, ஒரு நிமிடத்தில் அந்தக் காகிதம் எத்தனை முறை உங்களைக் கடந்து போகிறது என்று எண்ணுங்கள். 78 வருகிறதா? வராவிட்டால் வேகம் கூட்டும் நெம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மறுபடி எண்ணுங்கள். சரியாக 78 வரும்போது பாருங்கள், கரகரத்த குரல் சட்டென்று மனிதக் குரலாகிவிடும்!

சவுண்டு பாக்ஸில் என்ன கோளாறு வரும்? உள்ளே இருக்கும் தகடு, பழைய பெட்டிகளில் காக்காப்பொன்னாலும், பிறகு வந்தவற்றில் அலுமினியத்தாலும் ஆனது. தகட்டைச் சுற்றி ரப்பர் வளையங்கள் இருக்கும். ரப்பர் காய்ந்து கல் போல் ஆகிவிட்டால், பாட்டோடு சேர்ந்து 'ங்ர்ர்' என்று வண்டு ரீங்காரம் போடும். வளையத்தை மாற்றினால் வண்டு பறந்துவிடும்.

செய்யவே கூடாதவை

* ஓர் ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒரு பக்கம் பாட ஓர் ஊசி. தட்டில் இருக்கும் கல் மாவு ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசி உளி மாதிரி. பள்ளத்தையே செதுக்கி எறிந்துவிடும்.

* ஸ்பிரிட், சானிடைசர் போட்டு இசைத்தட்டைத் துடைக்காதீர்கள். அரக்கு கரைந்துவிடும்! நன்றாகப் பிழிந்த ஈர மென்துணி போதும். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக் கூடாது.

* வினைல் எல்.பி. தட்டுகளை இதில் போடாதீர்கள். இதன் ஊசி நூறு கிராமுக்கு மேல் எடையோடு அழுத்தும். வினைல் பள்ளம் ஒரே தடவையில் நாசமாகிவிடும்.

* தட்டுகளை வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். கீழே போடாதீர்கள், அப்பளம் போல் நொறுங்கிவிடும். படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் போல நிற்க வைத்து அடுக்குங்கள்.

புதுசாக்குவதா? காப்பாற்றுவதா?

எல்லாம் முடிந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு ஆக்கிடலாம், கண்ணு!"

வேண்டாம் என்று சொல்லுங்கள். பளபளக்கும் பித்தளைக் குழாயோடு சில கடைகளில் விற்கும் 'பழைய கிராமபோன்'கள் பலவும் உண்மையில் பழையவை அல்ல. புதுப் பலகை, புதுக் குழாய். உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும், நம் கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்றை உடைத்து எடுத்ததாக இருக்கும். அழகாக இல்லை என்பதற்காக ஓர் உண்மையான பெட்டியைக் கொன்று, அழகான போலி ஒன்றைச் செய்கிறார்கள்!

நாம் அதைச் செய்யக் கூடாது. ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கிழிந்த ரெக்ஸினைப் பசை தடவி ஒட்டினால் போதும். கைப்பிடியில் தேய்ந்திருக்கும் இடம், உங்கள் கொள்ளுத் தாத்தாவின் விரல்கள் தேய்த்த இடம். பெயின்ட் அடித்தால் அந்த விரல்கள் மறைந்துவிடும்.

பெட்டியை விடவும் முக்கியமானவை அதோடு கிடக்கும் தட்டுகள். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மக்களிடமிருந்து பழைய தட்டுகளை வாங்கி, அரைத்துத் தூளாக்கி, புதுத் தட்டு செய்தார்கள். எத்தனை குரல்கள் அதில் மாவாகிப் போயின என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. இன்று நம் வீட்டு அட்டாலியில் கிடக்கும் ஒரு தட்டு, ஏதோ ஒரு பாட்டின் கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம். அது உடைந்தால் அந்தக் குரல் இரண்டாம் முறை இறந்துபோகும்.

அதனால் முதலில் லேபிளைப் படியுங்கள். பாடியவர் பெயர், பாட்டின் பெயர், கம்பெனி, தட்டின் எண் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய புத்தகங்களைப் போலவே இசைத்தட்டுகளையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. பாலக்காடு தாண்டிப் போனால், கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் கிராமபோன்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு தனி மனிதர் ஆசை ஆசையாகச் சேர்த்து உருவாக்கியது அது.

சரி, எல்லாம் தயார். அமுச்சியைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள். புது ஊசி ஒன்றை மாட்டுங்கள். இறுக்கம் தெரியும் வரை சாவி கொடுங்கள். அதற்கு மேல் முறுக்காதீர்கள். தட்டு சுழலட்டும். ஊசியை மெல்ல ஓரத்தில் வையுங்கள். முதலில் மழை பெய்வது போல 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அதன் பின்னே ஒரு குரல் வரும். உங்கள் அமுச்சி சிறுமியாக இருந்தபோது கேட்ட அதே குரல்.

அப்போது பாட்டைக் கேட்காதீர்கள். அமுச்சியின் முகத்தைப் பாருங்கள்.

தெருவில் இரும்பு வண்டிக்காரர் மறுபடி வந்தால்? ஓட்டை அண்டாவைப் போட்டு அனுப்பி வையுங்கள்!